அழகான முகம்: பிறக்கும்போதே தெரியுமா, பார்த்துப் பழகுவதா?

கேள்வி இது: "கைக்குழந்தைகூட அழகான முகத்தைத்தான் அதிக நேரம் பார்க்கிறது என்று ஆய்வு சொல்கிறது. எந்த நாட்டுக்காரரிடம் கேட்டாலும் முக அழகுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மதிப்பெண் போடுகிறார்களாம். அப்படியென்றால் இதில் கலாசாரத்துக்கு என்ன வேலை?"

நிறைய வேலை இருக்கிறது. முகங்களை அளந்து பார்க்கும் திறமையோடு நாம் பிறக்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் எதை வைத்து அளப்பது என்பதை நாம் வளரும் இடம்தான் கொடுக்கிறது. அதற்கு மேல் பல், தோல், புருவம் என்று முகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் சமூகம் ஒரு அர்த்தம் ஏற்றி வைக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் கலாசாரத்தின் பங்கு என்று சொல்கிறேன்.

முதலில் எதிர்த்தரப்பை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பலமான தரப்பு. 1871இல் டார்வின் பல தேசங்களிலிருந்து தகவல் திரட்டி, மனித உடலழகுக்கு உலகம் முழுவதற்குமான ஒரே அளவுகோல் கிடையாது என்று எழுதினார். நூறு வருடத்துக்கு மேல் பெரும்பாலான அறிஞர்கள் அதையே நம்பினார்கள். 1987இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜூடித் லாங்லாய் அந்த நம்பிக்கையை அசைத்தார். பெரியவர்கள் அதிக மதிப்பெண் கொடுத்த ஒரு பெண் முகத்தையும் குறைவாகக் கொடுத்த ஒரு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழந்தைகளுக்குக் காட்டினார். இரண்டு மூன்று மாதக் குழந்தைகளும், ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளும் முதல் முகத்தை அதிக நேரம் பார்த்தார்கள். 1991இல் கறுப்பினப் பெண்கள், ஆண்கள், குழந்தைகள் என வேறு முகங்களை வைத்துச் செய்தபோதும் அதே முடிவு வந்தது. 2000இல் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அவருடைய குழு திரட்டிப் பார்த்தது. ஒரே கலாசாரத்துக்குள்ளும் சரி, வேறு வேறு கலாசாரங்களுக்கு இடையிலும் சரி, மதிப்பெண்களின் ஒத்துப்போதல் 0.9ஐ ஒட்டி, சில இடங்களில் அதற்கும் மேலே இருந்தது. இந்த அளவில் 1 என்பதே உச்சம், அதனால் இது மிகப் பெரிய எண்.

இந்த 0.9ஐத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வகுப்பில் இதை விளக்க நான் ஒரு சின்ன வேலை செய்வேன். முன்பின் தெரியாதவர்களின் புகைப்படங்களைக் கொடுத்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல் மதிப்பெண் போடச் சொல்வேன். எல்லோருடைய மதிப்பெண்ணையும் கூட்டிச் சராசரி எடுத்து, பக்கத்து வகுப்பின் சராசரியோடு ஒப்பிட்டால் இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தும். அப்புறம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு நண்பர்களின் தாள்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் கதை மாறிவிடும். மிகவும் பிடித்தது, சுத்தமாகப் பிடிக்காதது என்ற இரண்டு ஓரங்களில் ஒத்துப்போவார்கள். நடுவில் இருக்கும் முகங்களில் ஒருவர் எட்டு போட்ட இடத்தில் இன்னொருவர் நாலு போட்டிருப்பார். "இதுக்கு எட்டா?" என்று அங்கேயே சண்டை ஆரம்பித்துவிடும். காரணம் எளிது. சராசரி எடுக்கும்போது தனி மனிதரின் ரசனை ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடுகிறது, பொதுவான பகுதி மட்டும் மிஞ்சுகிறது. ஆகவே 0.9 என்பது கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் உள்ள ஒற்றுமை. உங்களுக்கும் எனக்கும் உள்ள ஒற்றுமையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. யோஹன்னஸ் ஹோனகாப் 2006இல் இதைத் தனியாகப் பிரித்துக் கணக்கிட்டார். ஒரு முகம் பிடிப்பதில் ஏறக்குறைய பாதி எல்லோருக்கும் பொதுவான ரசனை, மீதிப் பாதி அவரவருக்கே உரியது என்று வந்தது.

சரி, அந்த மீதிப் பாதி எங்கிருந்து வருகிறது? மரபணுவிலிருந்தா? 2015இல் லாரா ஜெர்மைன் குழுவினர் இதை இரட்டையர்களிடம் சோதித்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 547 ஜோடி இரட்டையர்கள், தனித்தனிக் கருவில் உருவான 214 ஜோடிகள், எல்லோரும் 200 முகங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். முகத்தை அடையாளம் கண்டுகொள்ளும் திறமை பெருமளவு மரபணுவைச் சார்ந்தது என்று அதற்கு முன்பே தெரிந்திருந்தது. எனவே ரசனையும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. முடிவு நேரெதிராக வந்தது. ஒரே மரபணு உள்ளவர்களுக்கு இடையிலும் பிடித்த முகங்கள் கணிசமாக வேறுபட்டன. தனிப்பட்ட ரசனையைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு சூழலுடையது, அதிலும் ஒரே வீட்டில் வளர்ந்ததால் வரும் சூழலைவிட ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சந்தித்த மனிதர்களும் அனுபவங்களும்தான் முக்கியம் என்று தெரிந்தது. இதைப் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் குறையவில்லை. "கலாசாரம்" என்றால் ஒரு தேசம் முழுவதும் ஒரே அச்சில் வார்க்கப்படுகிறது என்ற நினைப்பை இந்த ஒரு முடிவே உடைத்துவிடுகிறது.

குழந்தை ஆய்வுக்கு ஒரு நிமிடம் திரும்பி வருவோம். மூன்று மாதம் என்றால் சூழல் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். தொடங்கிவிடுகிறது. 2006இல் யாயிர் பார்-ஹைம் குழு மூன்று மாதக் குழந்தைகளில் மூன்று வகையினரைச் சோதித்தது: இஸ்ரேலில் வளரும் வெள்ளையினக் குழந்தைகள், எத்தியோப்பியாவில் வளரும் குழந்தைகள், எத்தியோப்பியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்து இஸ்ரேலில் இரண்டு வகை முகங்களையும் பார்த்து வளரும் குழந்தைகள். முதல் இரண்டு வகையினரும் தங்கள் இனத்து முகங்களையே அதிகம் பார்த்தார்கள். மூன்றாவது வகையினரிடம் அந்தச் சாய்வே இல்லை. பார்ப்பது வேறு, அழகென்று நினைப்பது வேறு என்பது சரிதான். ஆனாலும் பேச்சு வரும் முன்பே, தலை நிற்கும் முன்பே, சுற்றியுள்ள முகங்கள் குழந்தையின் பார்வையை வளைக்கத் தொடங்கிவிட்டன என்பது இதிலிருந்து தெரிகிறது.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். 1878இல் பிரான்சிஸ் கால்டன் குற்றவாளிகளின் புகைப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தகட்டில் பதித்துப் பார்த்தார். குற்றவாளிக்கென்று ஒரு பொதுமுகம் கிடைக்கும் என்பது அவருடைய எண்ணம். கிடைத்ததோ, கலந்த ஒவ்வொரு முகத்தையும்விடப் பார்க்க நன்றாக இருந்த ஒரு முகம். 1990இல் லாங்லாயும் லோரி ராக்மனும் கணினியில் இதையே முறையாகச் செய்தார்கள். எவ்வளவு அதிக முகங்களைக் கலக்கிறோமோ அவ்வளவு அழகாக இருப்பதாகப் பார்ப்பவர்கள் சொன்னார்கள். எனவே சராசரிக்கு நெருங்கிய முகம் எல்லோருக்கும் பிடிக்கும் என்பது ஒரு பொது விதி போல ஆனது.

ஆனால் எந்தச் சராசரி? தான்சானியாவில் ஏயாசி ஏரியை ஒட்டி வாழும் ஹட்ஸா மக்கள் வேட்டையாடியும் கிழங்கு, தேன் சேகரித்தும் வாழ்பவர்கள். மொத்தமே ஆயிரத்தை ஒட்டிய ஆட்கள்தான். 2007இல் கொரென் அப்பிசெல்லா, ஆன்டனி லிட்டில், ஃப்ராங்க் மார்லோ மூவரும் கலந்து செய்த முகங்களை அவர்களிடம் கொண்டுபோனார்கள். சில ஹட்ஸா முகங்களைக் கலந்ததையும் பல ஹட்ஸா முகங்களைக் கலந்ததையும் காட்டியபோது, பல முகங்களைக் கலந்ததே அழகு என்றார்கள். ஐரோப்பிய முகங்களில் அதே சோதனையைச் செய்தபோது அந்தத் தேர்வு மறைந்துவிட்டது. எது சராசரிக்கு நெருக்கம், எது விலகல் என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை, ஏனென்றால் அந்த வகை முகங்களை அவர்கள் போதுமான அளவு பார்த்ததே இல்லை. பிரிட்டனில் இருந்தவர்களுக்கோ இரண்டு வகையிலும் சராசரியே பிடித்தது. அவர்கள் வாழும் நகரத்திலும் டிவியிலும் எல்லா வகை முகங்களும் வந்து போகின்றன.

இந்த ஒரு ஆய்வில் பொதுமையும் கலாசாரமும் ஒரே சமயத்தில் கண்ணுக்குத் தெரிகின்றன. சராசரியைத் தேடும் பழக்கம் இரு தரப்புக்கும் பொது, ஆனால் அந்தச் சராசரியைக் கட்டுவதற்கான சரக்கு ஊருக்கு ஊர் வேறு. வீட்டுக் குழம்பின் உப்புக்குப் பழகிய நாக்கு வேறொரு வீட்டில் முதல் கவளத்திலேயே "கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்று கண்டுபிடிப்பது போலத்தான் இதுவும். நாக்கு எல்லோருக்கும் ஒன்றுதான், அளவு மட்டும் பழகியது.

பழக்கம் எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் கிலியன் ரோட்ஸ் குழு 2003இல் வெளியிட்ட சோதனையில், நடுப்பகுதி உள்வாங்கியோ உப்பியோ இருக்கும்படி மாற்றிய முகங்களைச் சில நிமிடங்கள் மட்டும் தொடர்ந்து காட்டினார்கள். அதன் பிறகு பங்கேற்றவர்களுக்கு இயல்பாகத் தோன்றியதும் அழகாகத் தோன்றியதும் பார்த்த பக்கமாகவே நகர்ந்திருந்தன. சில நிமிடத்துக்கே இப்படி என்றால், தினமும் கைப்பேசியில் ஃபில்டர் போட்டு மெழுகிய முகங்களை மணிக்கணக்கில் பார்க்கும் பதினைந்து வயதுப் பிள்ளையின் சராசரி எங்கே போய் நிற்கும் என்று எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது. சொந்த முகத்தைக்கூட அந்தப் பிள்ளை சரியாகப் பார்ப்பதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் பிடிக்கும் செல்ஃபியில் மூக்கு உண்மையைவிட அகலமாக விழும், அது கேமரா தூரத்தின் கணக்கு. அதைப் பார்த்துவிட்டு மூக்கைக் குறை சொல்வது அந்த மூக்குக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்தது, சமூகம் ஏற்றி வைக்கும் அர்த்தம். இதற்கு ஜப்பானின் கறுப்புப் பல்லைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. இரும்புத் துண்டுகளை வினிகரில் ஊறவைத்த கரைசலோடு, மரத்தில் பூச்சிகளால் உண்டாகும் கடுக்காய் போன்ற புடைப்பின் பொடியைச் சேர்த்துப் பல்லில் பூசுவார்கள். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து பளபளக்கும் கறுப்பாகிவிடும். நிறம் மங்கும் என்பதால் அடிக்கடி திரும்பப் பூச வேண்டும், நாற்றமும் கடுமையாக இருக்கும். அப்படியும் பல நூற்றாண்டுகள் இதைச் செய்தார்கள். ஆதியில் அரண்மனைப் பிரபுக்களிடம் இருந்தது, எடோ காலத்தில் (1603 முதல் 1868 வரை) திருமணமான பெண்ணின் அடையாளமாகச் சாதாரண வீடுகளுக்கும் வந்துவிட்டது. வெள்ளை மாவு பூசிய முகத்தில் பல் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தால் அது அவர்களுக்கு அசிங்கம். 1870இல் பிரபுக்கள் பல்லைக் கறுப்பாக்கக் கூடாது என்று அதற்குப் பின் வந்த மெய்ஜி பேரரசரின் அரசு ஆணை போட்டது. 1873இல் பேரரசி ஷோக்கென் வெள்ளைப் பல்லோடு எல்லோர் முன்னாலும் வந்தார். அதன் பின் அந்த வழக்கம் தேய்ந்து, இரண்டு மூன்று தலைமுறைக்குள் கறுப்புப் பல் வயதான பாட்டிகளிடம் மட்டும் மிஞ்சியது. அந்த மக்களின் கண்ணும் மூளையும் அப்படியே இருக்க, மேலே இருப்பவர்கள் எப்படித் தெரிகிறார்கள் என்பது மட்டும்தான் மாறியிருந்தது.

அதே ஜப்பானில் இன்று தெத்துப்பல் அழகு. பல் வரிசையிலிருந்து கோரைப்பல் லேசாக எட்டிப் பார்க்கும் சிரிப்புக்கு ரசிகர்கள் அதிகம். பல் மருத்துவரிடம் போய்ச் செயற்கையாக அப்படி ஒட்டிக்கொள்ளும் மோகமும் பத்துப் பதினைந்து வருடம் முன்பு வந்தது. இதைப் படிக்கும் தமிழருக்குப் பெரிய ஆச்சரியம் இருக்காது, தெத்துப்பல் சிரிப்புக்கு நம் ஊரிலும் மயங்குகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் அதே பல்லுக்குப் பெற்றோர் கம்பி போட்டு நேராக்கிவிடுவார்கள்.

ஈரானில் காஜார் மன்னர்கள் காலத்து ஓவியங்களைப் பாருங்கள். அழகிகளுக்கு இரண்டு புருவமும் சேர்ந்திருக்கும், மேலுதட்டில் மெல்லிய பூனைமுடி இருக்கும். இல்லாத பெண்கள் மை தீட்டி வரைந்துகொண்டார்கள் என்று வரலாற்றாசிரியர் அஃப்சானே நஜ்மபாதி காட்டியிருக்கிறார். இன்று நம் பார்லரில் வலிக்க வலிக்க த்ரெட்டிங் செய்து எடுக்கும் அதே முடிதான்.

நம் பக்கத்துக்கு வந்தால், மஞ்சள். வெள்ளிக்கிழமை காலையில் கல்லில் மஞ்சளை இழைத்து முகத்தில் பூசிக் குளித்துவிட்டு வரும் அத்தைமார், அக்காமார் முகத்தை நினைவிருக்கிறதா? காதோரத்தில் கொஞ்சம் திட்டாக நிற்கும், அதன்மேல் குங்குமம். "முகம் லட்சுமிகரமா இருக்கு" என்று பாட்டிகள் சொல்வார்கள், அதைவிடப் பெரிய பாராட்டு அப்போது கிடையாது. அதே மஞ்சள் முகத்தோடு ஒரு பெண் இன்று வேலைக்கான நேர்காணலுக்குப் போவதில்லை. நாற்பது ஐம்பது வருடத்தில், எந்த ஆணையும் இல்லாமல், மங்களம் என்று இருந்தது "கிராமத்து முகம்" ஆகிவிட்டது.

தோல் நிறத்தில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திட்டுத் திட்டாக இல்லாமல் சீரான நிறத்தில், ஆரோக்கியமாகத் தெரியும் தோல் பல நாடுகளிலும் பிடிக்கிறது, அதைப் பொதுப் பங்கில் சேர்க்கலாம். வெளுப்பாக இருந்தால்தான் அழகு என்பது வேறு சங்கதி. சங்கப் பாடல்களில் தலைவியின் மாந்தளிர் போன்ற மாமை நிறத்தைக் கொண்டாடுகிறார்கள். தலைவன் பிரிந்து போனதும் அந்த மாமை போய் உடலில் வெளிறிய பசலை படர்வதை இழப்பாகச் சொல்லி வருந்துகிறார்கள். அந்தக் காலத்தில் வெளுப்புக்கு மதிப்பே இருந்ததில்லை என்று இதை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஆனால் கருமை கலந்த நிறத்தைக் குறையாகப் பார்க்காமல் அதையே அழகாகப் பாடிய ஒரு மரபு நமக்கு இருந்தது, அது நிச்சயம். பின்னால் வெயிலில் உழைப்பவர், நிழலில் இருப்பவர் என்ற பிரிவு, சாதி, வெள்ளையர் ஆட்சி, சினிமா, விளம்பரம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து படிந்தன. 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, முகம் வெளுத்தால் மாப்பிள்ளையும் வேலையும் கிடைக்கும் என்று பல வருடங்கள் வீட்டு டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தது. சென்னையைச் சேர்ந்த விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. 2020இல் அந்தக் களிம்பு க்ளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாறியது, ஷாதி டாட் காம் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை எடுத்தது. பெண் குழந்தை பிறந்த வீட்டில் "நிறம் எப்படி?" என்ற கேள்வி மட்டும் இன்னும் நிற்கவில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

ஆண் முகத்தைப் பற்றிச் சுருக்கமாக. அகன்ற தாடை, தடித்த புருவ எலும்பு உள்ள முகத்தைப் பெண்கள் இயற்கையாகவே விரும்புவார்கள், அது ஆதிகாலத்திலிருந்து வருவது என்று ஒரு பேச்சு உண்டு. 2014இல் இசபெல் ஸ்காட் குழு உலகின் 12 சமூகங்களில் இதைச் சோதித்தபோது, அந்த விருப்பம் நகரமயமான சமூகங்களில்தான் தெளிவாகத் தெரிந்தது, சிறிய மரபான சமூகங்களில் அப்படி இல்லை. ஆதி என்று நினைத்தது நகரத்தின் புதுப் பழக்கமாக இருக்கலாம். அதே வருடம் எல் சால்வடோரில் செய்த ஆய்வில், இணையம் இல்லாதவர்கள் இணையம் உள்ளவர்களைவிட மென்மையான ஆண் முகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இணையம்தான் முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது, இணையம் இல்லாத இடங்களில் வாழ்க்கையும் வேறு மாதிரித்தான் இருக்கும்.

கடைசியாக ஒன்று, இது இல்லாமல் பதில் முழுமையாகாது. மேலே சொன்ன ஏறக்குறைய எல்லா ஆய்வுகளும் முன்பின் தெரியாதவரின் புகைப்படத்தைச் சில நொடிகள் காட்டி மதிப்பெண் கேட்டவை. பழகிய பிறகு என்ன ஆகிறது? 2004இல் கெவின் நிஃபினும் டேவிட் ஸ்லோன் வில்சனும் இதைப் பார்த்தார்கள். ஒரு படகோட்டும் அணியில், உழைக்காமல் ஏமாற்றுகிறவர் என்று பெயரெடுத்தவரை அணியினர் பார்க்கவே சகிக்காத முகம் என்றார்கள், கடுமையாக உழைத்த இன்னொருவரை அழகர் என்றார்கள். அணியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களிடம் அதே இரண்டு முகங்களைக் காட்டியபோது அந்த வித்தியாசம் இல்லவே இல்லை. எது நல்ல குணம் என்று ஒரு சமூகம் கற்றுக்கொடுக்கிறதோ, அதுவும் முகத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. 2015இல் 167 ஜோடிகளிடம் செய்த இன்னொரு ஆய்வில், அறிமுகமான உடனே காதலிக்கத் தொடங்கியவர்கள் அழகில் ஒருவருக்கொருவர் சமமாக இருந்தார்கள். பல மாதம் நண்பர்களாகப் பழகிய பிறகு சேர்ந்தவர்களிடம் அந்தப் பொருத்தம் குறைவாக இருந்தது.

ஜாதகத்தோடு வாட்ஸப்பில் வரும் ஒரே ஒரு புகைப்படத்தைப் பார்த்து "முகம் சுமார்தான்" என்று தள்ளிவிடும்போது நம் வீடுகளிலும் ஆய்வகத்துச் சோதனைதான் நடக்கிறது. தெரியாத முகம், சில நொடி, ஒரு மதிப்பெண். இதுவரை பார்த்த சினிமாவும் விளம்பரமும் கட்டிக் கொடுத்த அளவுகோல் முழு பலத்தோடு வேலை செய்வது அந்த நொடிகளில்தான். வரன் பார்ப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், படத்தை வைத்து முடிவெடுக்காமல் இரண்டு பேரையும் நேரில் சில முறை பேச விடுங்கள், அதற்கு அப்புறம் முகம் எப்படி என்று கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.